கட்டுச்சாதத்தில் கிரான்பெர்ரி

சாந்த்ராகாச்சி,
29.1.2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் மாப்பிள்ளை ரிஷியும் எங்கள் சுபிக்ஷாவும் நலம் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு எழும்பாது. அதோடு, நான் பேசுவது இங்கே இவர் காதில் விழும், நீங்கள் பேசுவது அங்கே பிள்ளைகள் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெற்ற பெண்ணின் வளைகாப்பில் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தது தப்புதான். பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக வந்தவள், பெண்ணை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுக் காலித் தாம்பாளங்களோடு திரும்பினேன். டாக்சியில் நியூ டவுனிலிருந்து ஹூக்ளி பாலம் வரைக்கும் இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்தை விட்டு இறங்கியதும், "பேசாம புளிசாதமே கிண்டியிருக்கலாம்ல?" என்றார். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சம்பந்தியம்மா, கல்கத்தாவுல புளிக்குப் பஞ்சமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து வந்த உங்கள் சிநேகிதிகள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். பஞ்சமும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர் என்று மற்ற சாதமெல்லாம் முறைப்படி செய்துதான் கொண்டு வந்தேன். புளிசாதத்துக்கு மட்டும் பதிலாகக் கிரான்பெர்ரி சாதம் வைத்தேன்.

அது அமெரிக்கா, கனடா பக்கம் ஈரநிலத்தில் விளைகிற சின்னப் பழம். நம் ஊர்க் களாக்காய் மாதிரி புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். விட்டமின் சி, நார்ச்சத்து எல்லாம் உண்டு. இதயத்துக்கும் நல்லது என்று படித்தேன். உலர்ந்த பழத்தில் சர்க்கரை ஏற்றி விற்கிறார்கள் என்பதால், நியூ மார்க்கெட் பக்கம் அலைந்து ஐஸில் வைத்த பழம் வாங்கினேன். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, பழம் வெடித்துக் குழைகிற வரைக்கும் வதக்கி, வெந்தயப் பொடி தூவி, புளிக்காய்ச்சல் மாதிரியே இறக்கினேன். மாசமாக இருக்கிற பெண்ணுக்குப் புளிப்பு பிடிக்குமே என்றுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏழாம் மாதம் முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்துச் சுபிக்ஷாவை அனுப்பி வையுங்கள். அதுவரை, சீரோடு வைத்த கிரான்பெர்ரி ஜூஸ் பாட்டில்களை மட்டும் அவள் தினமும் குடிக்கட்டும்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி கோவிந்தராஜன்


நியூ டவுன்,
4.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பழத்தைப் பற்றிப் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை வைத்தால் பாஸ் பண்ணிவிடுவேன்.

நான் கேட்டது விளையாட்டுக்கு. மதுரைக்காரிக்கு வாய் அப்படித்தான், என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். சிவப்புச் சாதத்தைப் பார்த்து ஒருத்தி பீட்ரூட்டா என்றாள், இன்னொருத்தி குங்குமம் கொட்டிவிட்டதா என்றாள். நாலு பேர் கேட்கிறதற்கு முன்னால் நாமே கேட்டுச் சிரித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு எழுந்து போனீர்கள். பெண்ணுடைய அம்மாவே எழுந்து போனால் மற்றவர்கள் எந்த முகத்தோடு சாப்பிடுவார்கள்? பக்கத்து ஃபிளாட் வங்காளி அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாஷிமாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று உங்களை விசாரிக்கிறாள். உங்களுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் அன்றைக்குத் தலைகுனிந்து நின்றது நான்.

பெண்ணை அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்ப மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? விட்டுவிட்டுப் போனது நீங்கள். வந்து முறையாகக் கூப்பிடுங்கள், அனுப்புகிறேன்.

அதுவரை அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு செக்கப்புக்கும் நான்தான் கூடப் போகிறேன். டாக்டர் அறைக்குள்ளேயும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விட்டதையெல்லாம் எடுத்துச் சொல்கிறேன். டாக்டர் கேள்வி கேட்டால் அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அவ்வளவு ஒட்டுதல்.

உங்கள் சிவப்பு ஜூஸால் ஒரு தொல்லை. அதைக் குடித்துவிட்டுச் சும்மா சும்மா பாத்ரூமுக்கு ஓடினாள். என் முழங்கால் வலிக்காக, பாத்ரூம் சேர்ந்த அறையைப் பிள்ளைகள் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அவள் ஹாலில் இருக்கிற பாத்ரூமுக்குத்தான் போக வேண்டும். அதை ஒட்டித்தான் என் பூஜை அலமாரி. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் ஃபிளஷ் சத்தம். "ஏம்மா, இப்பத்தான போன? நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னேன். நல்ல பிள்ளை, அன்றோடு குறைத்துக்கொண்டாள். ஜூஸையும் மூடி வைத்துவிட்டாள், தண்ணீரும் அளவாகத்தான் குடிக்கிறாள். ஒரு தடவை சொன்னால் போதும் அவளுக்கு. நன்றாக வளர்த்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

ராஜம்


உங்கள் அடுக்குமாடி கேட், செக்யூரிட்டி அறை,
7.2.2025, வெள்ளி மத்தியானம்

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. படித்த கையோடு வண்டி பிடித்து வந்துவிட்டேன். செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டபோது, பிறகு வரச் சொல் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னார். கோபமாகத்தான் இருப்பீர்கள். ஒன்று சொல்லட்டுமா, அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நீங்கள் மேலே கூப்பிட்டிருந்தாலும் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவரிடமே ஒரு தாள் வாங்கி எழுதுகிறேன். எழுதவும் கை கூசுகிறது.

சுபிக்ஷாவுக்கு நீர்க்கடுப்பு. சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. அதனால்தான் அடிக்கடி போனாள், ஜூஸால் இல்லை. ஐந்தாம் மாதத்திலிருந்தே அப்படித்தானாம். பால்கனியில் நின்றுகொண்டு போனில் என்னிடம் குசுகுசுவென்று சொன்னாள். "அத்தைகிட்ட சொல்லிடாதம்மா, அசிங்கமா இருக்கு" என்றாள். நானும் சொல்லவில்லை. நீர்க்கடுப்புக்குக் கிரான்பெர்ரி நல்லது என்று எங்கேயோ படித்தேன். பாட்டிலாகக் கொடுத்துவிட்டால் எதற்கு என்று கேட்பீர்கள். சீரோடு சீராக வைத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. சாதத்திலும் அதனால்தான் போட்டேன். மருந்தைத் தாம்பாளத்தில் அடுக்கிப் பட்டுத்துணி போட்டு மூடிக் கொண்டு வந்தேன். நீங்கள் சிரித்தபோது என்னால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

மனசு கேட்காமல் நேற்று எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பெண்ணுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு என்று பொய் சொன்னேன். கிரான்பெர்ரி சாப்பிட்டால் போதாதா என்று கேட்டேன். அடிக்கடி இந்தத் தொந்தரவு வருகிற சில பெண்களுக்கு, மறுபடி வராமல் தடுக்க அது ஓரளவு உதவலாம், ஆனால் வந்துவிட்ட தொற்றை அது தீர்க்காது, பரிசோதனை செய்து மாத்திரைதான் சாப்பிட வேண்டும் என்றார். மாசமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். "யாருக்கு?" என்றார். அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன். இப்படியே விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும், பிரசவ வலியும் முன்னாலேயே வந்துவிடலாம், இன்றைக்கே அவளுடைய டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றார். தண்ணீரைக் குறைக்கவே கூடாதாம், அடக்கவும் கூடாதாம். இன்று காலையில் உங்கள் கடிதத்தில் அந்த இரண்டையும்தான் படித்தேன்.

நேற்று சுபியிடம் போனில் சொன்னேன். "அத்தை கூடவே உள்ள வருவாங்கம்மா, அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? ரிஷிகிட்டயே சொல்லல" என்றாள். அவளுடைய ஆபீசுக்கு நேரே வருகிறேன் என்றதற்கு, வந்து மானத்தை வாங்காதே என்று போனை வைத்துவிட்டாள்.

அவளுக்குக் கொடுத்த வார்த்தையை மீறித்தான் இதை எழுதுகிறேன். தயவு செய்து இன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் அறைக்குள் மட்டும் அவளைத் தனியாக அனுப்புங்கள். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

மங்கையர்க்கரசி


ஆஸ்பத்திரி,
10.2.2025

சம்பந்தியம்மா,

இதை உங்கள் டிபன் பையில் வைக்கிறேன். கூட இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி என்று சொல்லி, பகலுக்கு என்னையும் ராத்திரிக்கு உங்களையும் ரிஷி பிரித்துவிட்டான். காலையில் லிஃப்ட் வாசலில் நீங்கள் இறங்க, நான் ஏறினேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள், நான் பட்டனைப் பார்த்தேன். பேசுகிற தைரியம் எனக்கு இல்லை.

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை மத்தியானமே படித்துவிட்டேன். செக்யூரிட்டி பையன் மேலே கொண்டுவந்து கொடுத்தான். படிக்கவில்லை என்று சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், ஆனால் படித்தேன். படித்ததும் முதலில் பயம் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. என் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்பதை எனக்குச் சாந்த்ராகாச்சியிலிருந்து எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கோபம்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். ரிஷி இருந்தான். அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு மறக்கவில்லை. "ஏம்மா, உனக்கு மூத்திரக் கடுப்பாமே? உங்கம்மா லெட்டர் எழுதியிருக்காங்க, நெசமா?" என்று தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டேன். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "இல்ல அத்தை. அம்மா சும்மா பயப்படறாங்க" என்றாள். ரிஷி தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பார்த்தாயா, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக என்னவெல்லாம் ஜோடிக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. இன்னொரு தோசையும் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவளுக்குக் குளிர் நடுக்கம். மூன்று போர்வை போட்டும் நிற்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினாள். இங்கே எமர்ஜென்சியில் டாக்டர் அவளிடம் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். வழக்கம் போல நான் முந்திக்கொண்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்றேன். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே சுபிக்ஷா வங்காளியில் பேசினாள். எங்களோடு தமிழில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், வங்காளியில் எவ்வளவு நேரம் பேசினாள் தெரியுமா? நடுவில் ஷாஷுரி என்ற வார்த்தை வந்தது. மாமியார் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். மீதியை, வெளியே வந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துகொண்டேன்.

தொற்று சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டதாம். ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். வலி வந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று காலையில் குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். நான் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ராஜம்


ஆஸ்பத்திரி,
12.2.2025

அக்கா,

இப்படி உங்களைக் கூப்பிட்டதில்லை. ராத்திரி மூன்றாவது முறையாக உங்கள் கடிதத்தைப் படித்தபோது, சம்பந்தியம்மா என்று எழுத வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜுரம் விட்டுவிட்டது. நேற்று சாயங்காலம் வந்த டாக்டர், மருந்து கேட்கிறது, குழந்தைக்கும் ஒன்றும் இல்லை என்றார். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நானும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

எல்லாம் உங்களால் வந்தது என்று நீங்கள் நினைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்துகொண்டே பழத்தைப் பார்சல் கட்டினேன். தாயும் மகளும் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்த வார்த்தைக்குப் பதிலாகச் சாதம் கிண்டினோம். அவளுடைய கூச்சம் உங்கள் வீட்டில் வந்தது இல்லை, என் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் நானும் இந்த விஷயமெல்லாம் கண்ஜாடையில்தான் பேசுவேன்.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது. உலர்ந்த பழத்தில் சர்க்கரை என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன் அல்லவா? சுபியின் பையில் இருந்த என் ஜூஸ் பாட்டிலை நர்ஸ் எடுத்து லேபிளைப் படித்துக் காட்டினாள். பழச்சாறு கொஞ்சம்தான், மீதி சர்க்கரையும் தண்ணீரும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறாமல் இருந்தது எங்கள் நல்ல காலம். படித்தவள் மாதிரி உங்களுக்குப் பாடம் எடுத்தேன்.

நேற்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. "எல்லாரும் சிரிச்சப்ப நீ சொல்லியிருக்கலாம்லம்மா?" என்று கேட்டாள். நான் அவள் போர்வையை இழுத்துச் சரி செய்தேன். "நானும் சொல்லியிருக்கலாம். நீ போன அப்புறம் அந்தச் சாதத்தத் தொடவே எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெண்ணை அனுப்புங்கள் என்று இனிமேல் நான் கேட்க மாட்டேன். உங்களிடம் விட்டுவிட்டு எழுந்து போனவள் நான். எங்கே இருந்தால் அவளுக்கு நல்லதோ அங்கே இருக்கட்டும்.

மங்கை


நியூ டவுன்,
15.2.2025

மங்கைக்கு,

அக்கா என்று எழுதிவிட்டாய், இனி எனக்கு நீதான் வரும், நீங்கள் வராது.

நாளைக்கு டிஸ்சார்ஜ். மீதி மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, முடிந்ததும் மறுபடி பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் டாக்டர் சுபிக்ஷாவிடமும் ரிஷியிடமும் சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் எழுந்து வந்தேன். கதவு சாத்தியதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். உள்ளே போய் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லிவிட்டு வர வேண்டும் போல அப்படி ஒரு அரிப்பு. இத்தனை நாள் ஒட்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

கிரான்பெர்ரி சாப்பிடலாமா என்று அவளே கேட்டாளாம். பழமாகச் சாப்பிடு, தொக்காகச் சாப்பிடு, சாப்பாடாக இருக்கட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம் என்றாராம். உனக்கு ஒன்று தெரியாது. வளைகாப்பு அன்று நீ விட்டுவிட்டுப் போன சாதத்தை யாரும் தொடவில்லை என்று கொட்டப் போனேன். ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். அப்புறம் சமையலறையில் நின்றபடியே தயிரை ஊற்றிப் பிசைந்து முக்கால்வாசி தின்றேன். அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த வாரம் உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேனே, அந்த நாக்கும் இந்த நாக்குதான்.

இப்போது முக்கியமான விஷயம். இன்று அவளிடம் கேட்டேன். ரிஷியைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, தனியாக இருக்கும்போது கேட்டேன். "பிரசவத்துக்கு எங்க இருக்கணும்னு தோணுது?" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், என் முகத்தைப் பார்த்தால் அவள் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள் என்று இப்போது தெரியும். "அம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "அங்க பாத்ரூம் போறதுக்கு ஹாலத் தாண்ட வேண்டாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். பஸ் வழி சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் மதுரையிலிருந்து இங்கே வந்த நாளாக என்னிடம் அவள் மறைக்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான் மங்கை. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாளே என்றிருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து என் அறையைக் காலி செய்துவிட்டேன். பாத்ரூம் சேர்ந்த அறை இனி அவர்களுக்குத்தான். குழந்தையோடு எப்போது திரும்பி வந்தாலும் அதில் இருக்கட்டும். அதற்காக அவள் சீக்கிரம் வர வேண்டும் என்று இல்லை.

நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே உன் வீட்டுக்குத்தான். ரிஷி கொண்டுவந்து விடுவான். நல்ல நாளா என்று நான் பார்க்கவில்லை, நீயும் பார்க்காதே. நான் கூட வரவில்லை. பிரசவத்துக்கு வரவும், குழந்தையைப் பார்க்கவும் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ராத்திரியெல்லாம் அந்த நினைப்புதான். ஆனால் சுபிக்ஷா கூப்பிட்டால் வருகிறேன். அவளாகக் கூப்பிடட்டும். எனக்காக நீ அவளிடம் கேட்க வேண்டாம். நீ கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

ராஜம்